ஒரே வண்டியில் யாரோடு யார்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் ஓட்டுநர் இல்லாத டாக்சி ஓடுகிறதாமே, அது வந்தால் நம் ஊர் நெரிசல் குறையுமா?”

ஓடுவது உண்மைதான். ஃபீனிக்ஸ் நகர வட்டாரத்தில் வேமோ நிறுவனம் 2020 முதல் பொதுமக்களை ஆளில்லா வண்டியில் ஏற்றுகிறது. கேமரா, ரேடார், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் மூன்றும் சாலையைப் பார்க்க, கணினி ஓட்டுகிறது. ஆனால் அழைப்புக்கு ஒரு வண்டி என்றே இருந்தால் நெரிசல் குறையாது. அடுத்த ஆளைத் தேடிக் காலியாக ஓடும் தூரமும் சேர்ந்து நெரிசல் கூடவும் செய்யலாம்.

குறைய வேண்டுமானால் ஷேர் ஆட்டோ மாதிரி பகிர வேண்டும். சரி, யாரை யாரோடு ஏற்றுவது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

தஞ்சாவூரில் ஒருவர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார். இன்னொருவர் ரயிலடியிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்டுக்கு. இருவரும் ஒத்துவருவார்கள். மூன்றாமவர் அதே ரயிலடியிலிருந்து கரந்தைக்கு, நேரெதிர்த் திசை. மூவருக்கு இது கண்ணாலேயே தெரிகிறது. 100 பேர் கேட்டால்? அதில் நால்வரைப் பொறுக்க மட்டும் 39,21,225 வழிகள்.

எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை. முதலில் இரண்டிரண்டு பேராக 4,950 ஜோடிகளைப் பார்த்தால் போதும். யாருக்கும் அதிகத் தாமதமில்லாமல் ஒரே வண்டியில் போக முடிகிற ஜோடிக்கு இடையே ஒரு கோடு. மூவருக்கும் இடையே மூன்று கோடும் இருந்தால்தான் அந்தக் கூட்டத்தைக் கணக்கில் எடுப்பார்கள். ஏன்? மூவர் போகும் வண்டியிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டால் மற்ற இருவரின் பயணம் சுருங்கலாமே தவிர நீளாது. ஆகவே இருவராக ஒத்துவராதவர்கள் மூவராக ஒத்துவர வழியே இல்லை. கரந்தைக்காரரும் மருத்துவக் கல்லூரிக்காரரும் சேர்ந்து வரும் அத்தனை கூட்டங்களும் தொடாமலே அடிபட்டுப் போகின்றன. இத்தனை எளிய தர்க்கம் இவ்வளவு வேலையை மிச்சப்படுத்துவதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாவியர் அலோன்ஸோ-மோரா, டேனியலா ரஸ் உள்ளிட்ட குழு 2017இல் நியூயார்க் டாக்சித் தரவுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. 13,000க்கு மேற்பட்ட டாக்சிகளின் பயணங்களில் 98 சதவீதத்தை, நால்வர் அமரும் 3,000 வண்டிகளே சமாளிக்கும் என்று வந்தது. காத்திருப்பு சராசரியாக 2.8 நிமிடம்.

இதில் ஓட்டுநர் இல்லாததால் என்ன லாபம்? சும்மா நிற்கும் வண்டியை, அழைப்பு வரக்கூடிய தெருவுக்கு முன்கூட்டியே அனுப்பலாம். மனிதர் என்றால், “சவாரி இல்லாமல் எதுக்குங்க அங்கே போகணும்?” என்பார். நியாயமான கேள்வி.

டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. அழைப்புகள் நெருக்கமாக வந்தால்தான் கோடுகள் விழும். 2028 மகாமகக் கூட்டத்தில் விழும். திருவையாறு தாண்டி ராத்திரி பத்து மணிக்கு விழாது, அங்கே டவுன் பஸ்ஸுக்கு மாற்றில்லை. ஆனால் இந்தக் கணக்குக்கு லைடார் வேண்டாம், செல்போன் போதும். தானோட்டி வண்டிக்குக் கொட்டும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளியை இங்குள்ள கல்லூரிகளுக்குக் கொடுத்தால், இப்போதிருக்கும் ஷேர் ஆட்டோக்களை வைத்தே மாணவர்கள் தொடங்கிவிடலாம். புது வண்டி வாங்கி டயருக்கு எலுமிச்சை வைக்கும் செலவாவது மிஞ்சும்.