பிள்ளை பேசவில்லை என்றால் தமிழை ஏன் நிறுத்துகிறீர்கள்?

பேச்சு வரவில்லை என்று என்னிடம் கூட்டி வந்ததில், இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. இரண்டரை வயது. அப்பா மதுரையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்தவர். பிள்ளையை கிரெஷில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், விடுகிறார்கள். "கிரெஷ்ல வீட்டுலயும் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னாங்க மேடம். ஆறு மாசமா தமிழ் பேசுறதே இல்ல. இன்னும் பேச்சு வரல."

எப்படி வரும்? கிரெஷ் விட்டு வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அம்மாச்சி. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம்', 'ஈட்', 'நோ'. தமிழ் கூடாது என்றதும் அவர் பேச்சே நின்றுவிட்டது. அந்த இடத்தில் யூடியூப் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மூன்று மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாகாது. எத்தனை முறைதான் சொல்வது! பேச்சில் உண்மையிலேயே சிக்கல் உள்ள பிள்ளைக்கும் வீட்டு மொழியைப் பறிப்பது வைத்தியம் அல்ல. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் குழப்பம் என்கிறீர்கள். நாம் எப்படிப் பேசுகிறோமாம்? இந்த நாட்டில் ஆட்சிமொழிகளே 12. வீட்டில் சுலு, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டா இருக்கிறார்கள்?

"பத்து வார்த்தைதான் சொல்றான்" என்றார் அம்மா. ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணியிருக்கிறார்! 'பால்', 'தாத்தா', வேலைக்கு வரும் சுலு அம்மாவிடம் தண்ணீருக்குக் கேட்கும் 'அமான்சி', பூனைக்கு 'மியா' எல்லாமே கணக்கில் சேரும். 2 வயதில் எல்லா மொழியும் சேர்த்து 50 சொல், 'பால் வேணும்' போல இரண்டைச் சேர்த்துப் பேசுவது, இவ்வளவுதான் பார்க்கிறோம்.

அம்மாச்சி கையில் ஒரு நார்ச்சிப் பழத்தைக் கொடுத்தேன். (கமலா ஆரஞ்சுக்கு இங்கே அதுதான் பெயர். நம் 'நாரத்தை' என்ற சொல்தான் இங்குள்ள ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'நார்ச்சி' ஆனது.) "தமிழ்லயே பேசுங்கம்மா."

"தோலை உரிக்கட்டுமா ராசா? இந்தா... சுளை." நீட்டியவர் உடனே கொடுக்கவில்லை. பையன் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "சுள."

அந்தக் காத்திருப்புதான் வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று விரட்டாதீர்கள்.

முதலில் காதைச் சோதியுங்கள். காதுக்குள் நீர் கட்டியிருந்தாலும் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். பிள்ளையின் உடல்நலப் பதிவேடான ரோடு டு ஹெல்த் புத்தகத்தில் தடுப்பூசிப் பக்கம் மட்டும் இல்லை, வளர்ச்சிப் பக்கத்தையும் புரட்டுங்கள். 2 வயதுக்குள் செல்போன் வேண்டவே வேண்டாம். நாக்கில் வசம்பு தேய்க்காதீர்கள். "அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசுனான்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, அல்லது பேசிக்கொண்டிருந்தது நின்றுபோனது என்றால் உடனே கூட்டி வாருங்கள்.

கிரெஷில் என்ன சொல்வது என்று தயக்கமா? கடிதம் நான் எழுதித் தருகிறேன். இந்த மாதம் மூன்று எழுதியாயிற்று.