பேஸ்மென்ட் சுவரில் ஓதமா? முதலில் தோட்டத்தைப் பாருங்கள்

லண்டனில் விக்டோரியா காலத்து வீடு வாங்குகிறவர்கள் உயரமான கூரையையும் நீளமான தோட்டத்தையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கீழே தனி வாசலோடு இருக்கும் பேஸ்மென்ட் பிளாட் வாடகைக் கணக்கில் மட்டும் வருகிறது. ஆனால் வீட்டின் நோய் முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

இந்த வீடுகளின் சுவர் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரத்தை உறிஞ்சும், காற்றுப்பட்டால் வெளியே விடும். வெளியே சீமெந்து, உள்ளே ஜிப்சம், அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் என்று மூடினால் ஈரம் போக வழியின்றி மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் பெயின்ட் கொப்புளிக்கும். தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். அது உப்பு. காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது இழுப்பதால், தண்ணீர் வரத்து நின்ற பிறகும் சுவர் காயாது. உப்பேறிய பூச்சைச் செதுக்கி எடுத்தே ஆகவேண்டும்.

சுவரின் ஈரத்தைப் பார்க்கக் குத்தும் ஈரமானி, மரத்துக்காக அளவு வைத்த கருவி. உப்பேறிய சுவரில் குத்தினால் அளவுக்கு மீறிக் காட்டும். அந்த எண்ணை மட்டும் காட்டி, சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். பொருள் விற்காத, கட்டணம் மட்டும் வாங்கிக் கட்டடத்தைச் சோதிக்கும் சர்வேயரை அழையுங்கள்.

அதற்கு முன் நீங்களே தோட்டத்துக்குப் போங்கள். மண்ணின் ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் குறுக்கே வைத்த அடுக்குதான் ஓதத்தடுப்பு வரி. வெளித்தரை அதற்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். பழைய கல்லைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுக்கல் பதித்துப் பதித்து அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறார்கள். மழைநீர்க் குழாய் இறங்கும் குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கினால் இலையும் மண்ணும் அடைத்திருக்கிறது. பல வீடுகளில் செலவு இத்தோடு முடியும்.

மண்ணுக்குள்ளேயே நிற்கும் சுவருக்கு இது போதாது. குமிழ் வைத்த பிளாஸ்டிக் தகட்டைச் சுவரில் பதித்து, பின்னால் இறங்கும் தண்ணீரைத் தரையோர வாய்க்கால் வழியே குழிக்குக் கொண்டுபோய், பம்பால் வெளியேற்றுவதே நம்பகமான முறை. பம்ப் இரண்டு, பேட்டரி, எச்சரிக்கை மணி மூன்றும் வேண்டும். ஆண்டுக்கொரு முறை வாய்க்காலைக் கழுவ வேண்டும். புதுக் கான்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு அதை அடைத்துவிடும். படம் மாட்ட அந்தச் சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடானால் கவுன்சிலின் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றம்.

2021 ஜூலை 12, 25 தேதிகளில் கொட்டிய மழையில் சாக்கடை நீர் குழாய் வழியே திரும்பி வந்து லண்டனின் பல பேஸ்மென்ட்டுகளுக்குள் புகுந்தது. பின்னோட்டத் தடுப்பு வால்வு இதற்குத்தான். அதை வைக்கும் இடம் முக்கியம். வீட்டின் பொதுக்குழாயில் வைத்தால், வால்வு மூடியிருக்கும்போது மேல்மாடியில் குளிக்கிற தண்ணீர் கீழ் பிளாட்டின் கழிப்பறை வழியே பொங்கும். பேஸ்மென்ட்டின் கிளைக்குழாயில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

வாடகைக்கு விடுமுன் படுக்கையறை ஜன்னலை டேப்பால் அளந்துவிடுங்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியாக அதைக் கணக்கிட, திறக்கும் பரப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர், உயரமும் அகலமும் குறைந்தது 450 மி.மீ., திறப்பின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1,100 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். திருடனுக்குப் பயந்து கம்பி போட்டிருந்தால், சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி இன்றே மாற்றுங்கள்.