காசிமேட்டு ஏலக்காரரும் கேஎஸ்ஆர் புரதமும்

எண்ணூர், மணலிப் பக்கம் புற்றுநோய் என்று யாராவது சொன்னால் பேச்சு நேரே ஆலைப் புகைக்குப் போய்விடும். அதில் தவறில்லை. வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆனால் புகையோ புகையிலையோ ஒரு மரபணுவைக் கெடுத்த பிறகு, அந்தக் கேடு செல்லுக்குள் ‘பிரி, பெருகு’ என்ற ஓயாத கட்டளையாக மாறுவது எப்படி? அந்த வேலையில் சில தரகர்களுக்குப் பங்குண்டு. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிப்பதால் சாரப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

முதலில் கட்டளை போகும் வழி. செல்லின் சவ்வில் வளர்ச்சிச் சமிக்ஞை வந்து சேர்ந்ததும் ராஸ் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது ராஃப் என்ற அடுத்த புரதத்தை எழுப்புகிறது. ராஃப், மெக் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டி அதை முடுக்குகிறது, மெக் அதேபோல எர்க் என்ற புரதத்தின் மேல் ஒட்டுகிறது. எர்க் உட்கருவுக்குள் போய் செல் பிரிவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தில் ராஸ் மரபணு திரிந்து, அணையாத விளக்காகிவிடுகிறது.

செல்லுக்குள் நெரிசல் அதிகம். அதில் ராஃபும் மெக்கும் எர்க்கும் ஒன்றையொன்று தேடிப் பிடித்தாக வேண்டும். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்துவது கேஎஸ்ஆர் என்ற சாரப் புரதம். எந்த மரபணு கெட்டால் ராஸின் ஆட்டம் அடங்குகிறது என்று ஈக்களிலும் புழுக்களிலும் தேடியபோது, 1995-ல் சிக்கியது இது. பாஸ்பேட் ஒட்டும் நொதியின் உருவம் இருந்தும் அந்த வேலையை இது பெரிதாகச் செய்வதில்லை. பிடித்து வைக்கிறது, பக்கத்தில் இருக்கும் ராஃபைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

பிடித்து வைப்பதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். படகுக்காரரையும் வியாபாரியையும் ஒரே கூடைக்கு முன்னால் நிறுத்துவது ஏலக்காரர்தான். அவர் இல்லாவிட்டால் இருவரும் கூட்டத்தில் அலைவார்கள். சரி, ஆளுக்கொரு ஏலக்காரர் இருந்தால்? இந்தப் படகுக்காரர் ஒருவரிடம் நிற்பார், அந்த வியாபாரி இன்னொருவரிடம் நிற்பார். எல்லோருக்கும் தரகர் இருந்தும் ஒரு மீன்கூட விலைபோகாது. கேஎஸ்ஆரும் இப்படித்தான். அளவு கூடக் கூட சமிக்ஞை வலுக்கிறது, ஒரு கட்டத்துக்கு மேல் மெக் ஒரு கேஎஸ்ஆரிலும் எர்க் இன்னொன்றிலுமாகச் சிதறி, சமிக்ஞை சரிகிறது. ஆக, ‘இந்தப் புரதம் கட்டியில் அதிகம், எனவே இதுதான் குற்றவாளி’ என்று படிக்கும்போது நான் கொஞ்சம் தயங்குவேன்.

கேஎஸ்ஆரின் ஒரு வகையான கேஎஸ்ஆர்1 இல்லாமல் பிறக்க வைத்த எலிகள் பெரிய குறை ஏதுமின்றி வளர்ந்தன. ஆனால் ராஸ் தூண்டும் தோல் கட்டிகள் அவற்றில் எளிதில் வளரவில்லை. சாதாரண வாழ்க்கைக்கு அதிகம் தேவைப்படாத தரகர் புற்றுநோய்க்கு வெகுவாகத் தேவைப்படுகிறார்! மருந்து தேடுவோரின் கண் இதன் மேல் விழுந்ததில் வியப்பில்லை.

எல்லாச் சாரப் புரதமும் புற்றுநோய்க்குத் துணைபோவதில்லை. ஆக்சின் நேரெதிர். பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை அழிக்க வேண்டிய நொதிகளை ஒன்றுசேர்ப்பது அது. ஆக்சினோ அதன் கூட்டாளிப் புரதமான ஏபிசியோ (APC) கெட்டால் பீட்டா-கேட்டனின் குவிந்து, உட்கருவுக்குள் புகுந்து செல்லைப் பெருக்குகிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் ஏபிசி கெட்டிருக்கிறது. சில கல்லீரல் புற்றுநோய்களில் ஆக்சினே கெட்டிருக்கிறது.

நொதி என்றால் அதன் வேலைக்குழியை அடைத்துவிட ஒரு மருந்தைச் செய்துவிடலாம். சாரப் புரதத்தில் அப்படி வசதியான குழி பெரும்பாலும் இருக்காது. மெக்கைத் தடுக்கும் ட்ராமெட்டினிப் 2013-ல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 2020-ல் அதன் மூலக்கூறு வடிவத்தை ஆராய்ந்தபோதுதான், மெக்கும் கேஎஸ்ஆரும் ஒட்டியிருக்கும் விளிம்பையும் அது தொட்டு நிற்பது தெரிந்தது. அதாவது ஏழு ஆண்டுகளாக மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த மருந்து, தரகரின் தோளிலும் கை வைத்திருக்கிறது. அதைக் கண்ட குழுவினர் அந்த விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்படி, ட்ராமெட்டிக்ளூ என்ற மூலக்கூறை ஆய்வுக்காக வடிவமைத்தார்கள்.