ஒட்டுக்கன்றும் யானை லத்தியும்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, லாசா போகும் சாலையோரம் என் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. சென்ற மாதம் இரவோடு இரவாக யானை இறங்கி, பதினேழு இளங்கன்றுகளின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டது. காலையில் நான் போனபோது அவர் கன்றுகளின் பக்கமே திரும்பவில்லை. கால்வாயோரம் கிடந்த லத்தியைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, தீபாவளிக்கு முன்னால் வந்தவனும் இவனும் ஒருவன்தானா?"

ஒரே யானை பத்து முறை வருவதற்கும், பத்து யானைகள் ஒவ்வொரு முறை வருவதற்கும் வித்தியாசம் உண்டு. காட்டில் எத்தனை மிச்சம் என்ற கணக்கே அதில்தான் தொடங்குகிறது. விடை அவர் குச்சி நுனியில் ஒட்டியிருந்தது.

லத்தி குடலை உரசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. அந்த உரசலில் குடல்சுவரின் செல்கள் உதிர்ந்து மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. புது லத்தியின் மேல் பளபளவென்று சளி போன்ற பூச்சு தெரியும். யானையின் டிஎன்ஏ அந்தச் செல்களில்தான் இருக்கிறது; ஆய்வாளருக்கு வேண்டியது அந்தப் பூச்சு, உள்ளிருக்கும் நார்ச்சக்கை அல்ல. அதைச் சுரண்டி, எத்தனால் ஊற்றிய குப்பியில் போட்டு மூடுவார்கள். நம் ஊர் வெயிலும் மழையும் டிஎன்ஏவைச் சீக்கிரம் நொறுக்கிவிடும் என்பதால் விடியற்காலை லத்திக்குத்தான் மதிப்பு.

கிடைக்கும் டிஎன்ஏ கொஞ்சத்திலும் கொஞ்சம். அதைப் பெருக்கும் வழியைக் கேரி முல்லிஸ் 1983இல் கண்டார். பிசிஆர் என்ற அதன் பெயர், கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி வாங்கிய எல்லோருக்கும் தெரியும். 95 டிகிரி சூட்டில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிகின்றன. சூடு தணியும்போது, நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டும் சிறு துண்டுகள் அங்கே போய் உட்காருகின்றன. மறுபடி 72 டிகிரிக்கு ஏற்றினால் ஒரு நொதி ஒவ்வோர் இழைக்கும் ஜோடி இழையைக் கட்டிவிடும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும்.

டிஎன்ஏவில் சில இடங்களில், உடுக்கை அடிப்பது போல் ஒரே இரண்டெழுத்து திரும்பத் திரும்ப வரும். மைக்ரோசாட்டலைட் என்று பெயர். ஒரு யானைக்கு அந்த இடத்தில் தாய்வழிப் பிரதியில் 12 முறை, தந்தைவழிப் பிரதியில் 15 முறை வரலாம். இன்னொன்றுக்கு 11, 15. ஓரிடம் ஒத்துப்போனால் தற்செயல். பத்துப் பன்னிரண்டு இடங்களும் ஒத்துப்போனால் அநேகமாக அதே யானைதான்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. டிஎன்ஏ நைந்திருந்தால் இரண்டு பிரதிகளில் ஒன்று பெருகி, மற்றது காணாமல் போகும். 12-15 என்று வரவேண்டியது 12-12 என்று வரும். காட்டில் இல்லாத யானை ஒன்று காகிதத்தில் பிறந்துவிடும். அதனால் ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்த வேலையின் செலவும் அலுப்பும் இதில்தான்.

அடையாளம் உறுதியானால் எண்ணுவது எளிது. முதல் லத்திச் சேகரிப்பில் 40 யானைகளைக் கண்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சேகரிப்பில் 30. அவற்றில் 10 ஏற்கெனவே பட்டியலில் இருப்பவை. அப்படியானால் நாம் பார்த்த 40 என்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. காட்டில் சுமார் 120.

உறவுமுறையும் இதே லத்தியில் கிடைக்கும். அடையாள அட்டையில் நாம் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயரைச் சுமக்கிறோம். செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பான மைட்டோகாண்டிரியாவின் டிஎன்ஏ அம்மா பெயரை மட்டும் சுமக்கிறது. பெண் யானைகள் பிறந்த கூட்டத்தோடு தங்க, ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறுகின்றன. ஒற்றையாகத் திரியும் ஆண் எந்தத் தாய்க்கூட்டத்தைச் சேர்ந்தது என்பதற்கு இது ஒரு தடயம். 1974 முதல் வனவிலங்குத் துறை தோட்டங்களில் புகும் யானைகளைப் பிடித்துப் பெருங்காடுகளில் விட்டுவருகிறது. அவை அங்கே கலந்து குட்டி போட்டனவா என்பதையும் இப்படிச் சோதிக்கலாம்.

கலப்பு ஏன் வேண்டும் என்பதைப் பெரியப்பாவுக்கு நான் விளக்கவில்லை; அவர் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். லண்டன் கியூ தோட்டத்தில் 3,000 கூட முளைக்கவில்லை. 1877இல் சிங்கப்பூர் சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் ஒன்பது எங்கள் பக்கத்து ஊரான கோலாகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்றும் நிற்கிறது. பிறகு ஒட்டுக்கன்று வந்தது. நன்றாகப் பால் தரும் ஒரு மரத்தின் மொட்டை ஆயிரக்கணக்கான கன்றுகளில் ஒட்டினார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் வகையின் நிரையில் நிற்பவை எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். பால் பிடிக்கும் மங்கு நிரம்பியது, உண்மை. ஆனால் தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்தால் அந்த நிரையில் தப்புவதற்கு வேறு மரம் இல்லை. அந்தப் பயமும் சேர்ந்துதான் 1981இல் மறுபடி அமேசானுக்குப் போய் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைப் பொறுக்க வைத்தது.

காட்டு விலங்குக்கு யாரும் ஒட்டுக்கட்டுவதில்லை. சாலையும் தோட்டமும் காட்டைத் துண்டு துண்டாக்கினால், சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் நடந்து அதே நிலை வரும். அமெரிக்காவின் புளோரிடா பூமா என்ற பெரும்பூனை இருபது முப்பதாகக் குறைந்தபோது வளைந்த வாலும் இதயக் கோளாறும் விரை இறங்காத ஆண்களும் மலிந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு எண்ணிக்கை சுமார் மூன்று மடங்கானது. நம் மலாயாப் புலி தனிக் கிளையினம் என்று 2004இல் சொன்னதும் மரபணுதான். 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் காட்டில் 150க்கும் குறைவு. கலந்து குட்டி போட நம் காட்டில் இன்னும் புலி மிச்சம் இருக்கிறது.

மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே அந்த இனத்தின் கடைசி விலங்கான இமான் 2019 நவம்பர் 23 அன்று சபாவில் இறந்தது. அதே ஆண்டு மே மாதம் இறந்த தாம் என்ற ஆண் காண்டாமிருகத்தின் தோல் செல்களிலிருந்து, வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச்செல்களைப் பெர்லினில் உருவாக்கிவிட்டார்கள். பாராட்டுகிறேன், ஆனால் உறைபெட்டியில் இருப்பதை மலேசியக் காண்டாமிருகம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. யானை மறுபடி வந்திருக்கிறது, ஐந்து கன்று போயிற்று. நான் வருத்தம் சொல்லத் தொடங்கும் முன்பே குறுக்கிட்டார்.

"புது லத்தி கிடக்கிறது. வெயில் படாமல் வாழையிலை போட்டு மூடியிருக்கிறேன். யாரிடம் கொடுக்கவேண்டும், சொல்."