மடை உடைந்த சேதி பேப்பரில் வரவேண்டுமா?

"கண்மாய் மடை உடைந்து மூன்று மாசமாச்சு. பேப்பரில் போட்டால்தான் ஆள் வருமா?" என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டீக்கடையில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

2005இல் யூர்யோ யான்சன் விருது பெற்ற பொருளியலாளர் டிமோத்தி பெஸ்லி, ராபின் பர்ஜெஸுடன் சேர்ந்து 1958 முதல் 1992 வரை 16 இந்திய மாநிலங்களின் கணக்கைப் புரட்டினார். விளைச்சல் படுத்தபோதும் வெள்ளம் வந்தபோதும், நாளிதழ் அதிகம் விற்ற மாநிலங்களில் ரேஷன் தானியமும் நிவாரணமும் கூடுதலாக இறங்கின. அதைச் செய்தவை வட்டார மொழி இதழ்கள். ஆங்கிலமும் இந்தியும் அல்ல.

சரி, நாளிதழ் விற்கிற ஊரில் படிப்பும் கூடுதல்தானே? எது எதற்குக் காரணம்?

இந்த முடிச்சை 2007இல் பொருளியலாளர்கள் ஐசென்சேயும் ஸ்ட்ரோம்பெரியும் அவிழ்த்த விதம் அழகு. அவர்கள் பார்த்தது, வெளிநாட்டுப் பேரிடர்களுக்கு அமெரிக்க அரசு தரும் நிவாரணத்தை. அமெரிக்க டிவியின் மாலைச் செய்தி அரை மணி நேரம்தான். அதில் முதல் மூன்று செய்திகள் எத்தனை நிமிடத்தை விழுங்கின என்று நாள்தோறும் அளந்தார்கள். 1995இல் ஓ.ஜே. சிம்ப்சன் தீர்ப்பு வந்த நாளில் வேறெதற்கும் இடமில்லை. ஒலிம்பிக் சமயமும் அப்படித்தான். எங்கோ ஆறு கரையுடைப்பதற்கும் ஒலிம்பிக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே அப்போது நிவாரணம் குறைந்தால் பழி செய்தியின்மேல்தான் விழும். 1968 முதல் 2002 வரை சுமார் 5,000 பேரிடர்களைப் பார்த்தார்கள். குறைந்துதான் இருந்தது.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. கோடை ஒலிம்பிக் பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டி வரும். இந்தியாவின் பெரும்பகுதியில் மழைவெள்ளமும் அப்போதுதான். அந்தந்த மாதத்தில் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிக்காமல் கூட்டினால் கணக்கு பொய் சொல்லும்.

வானம் பார்த்த பூமிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பு, உணவுப் பஞ்சத்தில் கிடைக்கச் சுமார் 40,000 பேர் சாக வேண்டும். பஞ்சத்துக்குப் படம் பிடிக்க ஒரு 'நாள்' இல்லை.

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 முதல் டிவி செய்திகளைப் பதிவுசெய்து வைத்ததால்தான் இந்த ஆய்வே நடந்தது. இதற்கெல்லாம் எதற்குப் பணம் என்பவர்கள், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் சென்னையில் நூலகமாகி யாருக்கெல்லாம் உதவுகின்றன என்று பார்க்கட்டும். மாவட்டப் பதிப்புகளையும் அப்படிக் கட்டிவைத்தால், மடைச் செய்தி வந்த தேதியையும் மராமத்து தொடங்கிய தேதியையும் கண்மாய் கண்மாயாக ஒட்டிப் பார்த்துவிடலாம்.