குளிர்ந்த பாட்டில்களும் அட்டைக் கைப்பிடியும்: வடிவமைப்பில் கோட்டைவிடும் இடங்கள்

பானப் பாட்டில்கள் வைத்த அட்டைப் பெட்டி கையிலிருந்து அறுந்து விழுந்துவிட்டால், அடுத்த நாளே 'அட்டை போதவில்லை, ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் அட்டையின் கிராம் எடை) கூட்டுங்கள்' என்ற ஒரே தீர்வுதான் எல்லோர் வாயிலும் வரும். பெட்டிகளின் கட்டமைப்பு வரைபடம் போடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்தத் தீர்வு சரியாக அமைந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவாகவே வாய்த்திருக்கின்றன. சுமை எந்த வழியாகக் கைக்கு ஏறுகிறது என்பதை யாரும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. உலர்ந்த மேசைமீது சோதித்த பெட்டியை வாங்குபவர் குளிர்பெட்டியிலிருந்து வியர்க்க வியர்க்க எடுக்கிறார் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

முதலில் எடைக் கணக்கு. 330 மி.லி. கண்ணாடிப் பாட்டில் ஒன்று, கண்ணாடிக்கு 200 கிராம் அளவில் வைத்துக்கொண்டால், பானத்தோடு ஏறத்தாழ 530 கிராம் வரும். ஆறு பாட்டில்கள் 3.2 கிலோவை எட்டிவிடும். அதே அளவுள்ள ஆறு அலுமினிய கேன்கள் என்றால் இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். இது பெட்டி அசையாமல் தொங்கும்போது உள்ள எடை. வெடுக்கென்று தூக்கும் கணத்தில், திடீரென ஏறும் சுமை ஏறத்தாழ இருமடங்கு விசையைத் தரும் என்ற இயந்திரவியல் பாடத்தின்படி, கைப்பிடி ஆறு கிலோவுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும். அதையும் பலர் நான்கு விரல்களால் தூக்குவதில்லை, இரண்டு விரல்களை மட்டும் நுழைத்து ஒரு பக்கமாகத் தூக்குகிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு பாட்டில்களை ஒரே அட்டையில் அடக்கி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கோகோ கோலா நிறுவனம் 1923-இலேயே அத்தகைய பெட்டியைக் கொண்டுவந்தது. நடுவில் கைப்பிடி நிற்கும் கூடை வடிவத்தில், பாட்டிலின் எடை முதலில் அடித்தளத்தில் இறங்கி, அங்கிருந்து பக்கச் சுவர்களுக்கும், அவற்றிலிருந்து முனைச் சுவர்களுக்கும் சென்று, கடைசியாகத்தான் நடுத்தகட்டின் வழியாகக் கைப்பிடியை அடைகிறது. இந்த வழியில் மூன்று நான்கு இடங்களில் பசை இணைப்புகள் இருக்கும். பசை, ஒட்டிய முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசையை நன்றாகத் தாங்கும். ஓரத்தைப் பிடித்து உரிக்கும் விசைக்குச் சட்டென்று விட்டுக்கொடுக்கும். எனவே எடை வரும் திசை ஒட்டுமடிப்பின் பரப்போடு இணையாக இருக்கும்படி மடிப்புகளைத் திருப்பி அமைப்பதுதான், என்னைக் கேட்டால், இந்த வேலையில் பாதி.

அடுத்தது கைப்பிடித் துளை. இதில்தான் அதிகம் தவறுகிறோம். துளையின் மேலே நிற்கும் அட்டைப் பட்டை, இரு முனைகளிலும் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு நடுவில் விரல்களால் மேலே தூக்கப்படும் ஒரு சிறு விட்டம். விசை முழுதும் துளையின் இரு முனைகளில் வந்து குவியும். அங்கே வெட்டு செங்கோணமாக முடிந்தால், அந்த மூலையே கிழிசலுக்குத் தொடக்கமாகிவிடும். முனைக்கு 3 மி.மீ. ஆரத்துக்குக் குறையாத வளைவு கொடுப்பது என் வழக்கம். இடம் இருந்தால் இன்னும் கூட்டுவேன். துளையிலிருந்து வெட்டி எடுக்கும் அட்டையை முழுவதும் நீக்கிவிடாமல், மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டு உள்பக்கம் மடியும் நாக்காக விட்டுவிட்டால், விரலில் படுவது கூர்மையான வெட்டு விளிம்பாக இல்லாமல் உருண்ட மடிப்பாக இருக்கும். பட்டைக்கும் இரண்டாவது அடுக்கு கிடைத்துவிடும். இதற்குப் பைசா செலவு இல்லை. ஆனாலும் கழிவை ஊதித் தள்ளுவது எளிது என்று நாக்கை நீக்கிவிடும் வரைபடங்களை இன்றும் பார்க்கிறேன்.

இழையோட்டம் இதோடு பின்னிப் பிணைந்தது. காகித இயந்திரம் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்வதால், அட்டை அந்தத் திசையில் விறைப்பாகவும் இழுப்புக்கு உறுதியாகவும் இருக்கும். அதே திசையில் எளிதாகக் கிழியவும் செய்யும். துளைக்கு இணையாக இழை ஓடினால் மேற்பட்டை வலுப்பெறும். ஆனால் துளை முனையிலிருந்து பக்கவாட்டில் புறப்படும் கிழிசலுக்கு அதுவே தயாரான பாதையாகிவிடும். இழையைச் செங்குத்தாகத் திருப்பினால் அந்தப் பாதை அடைபடும், பட்டை மேல்நோக்கிப் பிளக்கும் பயம் வரும். இரண்டில் நான் முதலாவதையே தேர்ந்தெடுத்து, முனை வெட்டை வளைத்து இழைக்குக் குறுக்கே திருப்பி முடிப்பேன். கிழிசல் தொடங்கினாலும் நார்களை அறுத்துக்கொண்டுதான் நகர வேண்டியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த ஆறு பாட்டில் கூடை ஒன்று, 23 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட சோதனை அறையில் எல்லாக் குலுக்கல்களையும் தாங்கியது. முதல் சரக்கு குளிர்பதன அறைக்குப் போய் வெளியே வந்ததும் அடிப்பாகம் பிரிந்து பாட்டில்கள் நழுவின. கைப்பிடி மட்டும் சேதமின்றிக் கையில் நின்றது. பிரிந்த ஒட்டுமடிப்பு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால், பிரிக்கும்போது பசையோடு அட்டையின் நாரும் பிய்ந்து வரும். இங்கே மடிப்பின் ஒரு பாதியில் நார் பிய்ந்திருந்தது. மறுபாதியோ கண்ணாடிபோல் பளபளத்தது, பசை ஒரு நாடாவாக முழுசாக உரிந்து வந்தது. பூச்சு படாமல் வெறுமையாக இருக்க வேண்டிய ஒட்டுப் பகுதிக்குள் வார்னிஷ் நான்கு மில்லிமீட்டர் நுழைந்திருந்தது. உலர்ந்திருந்தவரை அதன்மேல் பசை எப்படியோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஈரம் பட்டதும் விட்டுவிட்டது. சோதனையில் இது தெரியாமல் போனதற்கு நானே காரணம். நான் குலுக்கிப் பார்த்தவையோ, மாதிரிப் பெட்டிகளை வெட்டும் மேசையில் செய்த வெள்ளைப் பெட்டிகள். அவற்றில் அச்சும் இல்லை, வார்னிஷும் இல்லை.

அன்றிலிருந்து அச்சாகி, பூச்சு பூசி, இயந்திரத்தில் ஒட்டிய பெட்டியைத்தான் சோதிக்கிறேன். நிரப்பிய பெட்டியை 4 டிகிரி குளிரில் ஓர் இரவு வைத்து, வெளியே எடுத்து, பாட்டில்கள் வியர்த்து நீர் வழியத் தொடங்கியபின் குலுக்க வேண்டும். பூச்சு அட்டையின் முகத்தை மட்டுமே காக்கும். வெட்டிய விளிம்புகள் திறந்தே கிடப்பதால் நீர் அவற்றின் வழியாக உள்ளே ஏறும். கைப்பிடித் துளையின் விளிம்பும் அவற்றில் ஒன்று என்பதை மறக்கக் கூடாது. முழுதும் நனைந்த சாதாரணத் தாளில் உலர்நிலை வலிமையில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சுவதே அரிது. ஈரவலிமைப் பிசின் கலந்து தயாரித்த தாளில் 15 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். குளிரில் இருக்கப்போகும் பெட்டிக்கு, கூடுதல் தடிமனுள்ள மறுசுழற்சி அட்டையைவிட, நீண்ட நார்களும் ஈரவலிமையும் கொண்ட கிராஃப்ட் அட்டையை மெல்லியதாக எடுப்பதையே பரிந்துரைப்பேன். அத்தகைய அட்டையைக் கரைத்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பது உண்மைதான். அந்தச் சங்கடத்தை வாடிக்கையாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மடிப்புக் கோடுகளைப் பொறுத்தவரை, அட்டைத் தடிமனின் ஒன்றரை மடங்கோடு, கோட்டைப் பதிக்கும் மடிப்புத் தகட்டின் தடிமனைக் கூட்டி வரும் அகலத்தை, அந்தத் தகடு அட்டையை அழுத்தி இறக்கும் பள்ளத்துக்குக் கொடுத்து, முதல் ஓட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இவ்வளவு யோசித்துப் போட்ட வரைபடம் அச்சகத்தில் தலைகீழாவதும் உண்டு. ஒரு தாளில் ஒரு பெட்டி கூடுதலாக அடங்கும் என்பதற்காக அமைப்பை 90 டிகிரி திருப்பிவிடுவார்கள். இழையோட்டம் அதோடு மாறிவிடும், ஆனால் பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. எனவே வரைபடத்தின் ஒவ்வொரு பெட்டியிலும் இழைத் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, திருப்பக் கூடாது என்று எழுதிவிடுகிறேன். வந்திறங்கும் அட்டையிலும் பெட்டி அமையும் வாக்கில் உள்ளங்கையளவு சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, அம்புத் திசையைப் பேனாவால் குறித்து, பூச்சில்லாத பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். அட்டை குழாயாகச் சுருளும். அந்தக் குழாய் நீண்டு கிடக்கும் திசையே இழையின் திசை. அது பேனா அம்போடு ஒத்துவராவிட்டால், டை (பெட்டியை வெட்டும் அச்சு) ஓடத் தொடங்கும் முன்பே வேலையை நிறுத்திவிடலாம்.