லாக் என்றால் மரக்கட்டை

கணினியில் லாக் இன் செய்கிறோம், வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்கிறோம். சர்வரில் கோளாறு என்றால் லாக் ஃபைலைத் திறந்து பார்க்கிறோம். விமானி லாக் புக் எழுதுகிறார். ஆனால் லாக் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் மரக்கட்டை. கட்டைக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது.

நடுக்கடலில் கப்பலின் வேகத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சுற்றிலும் தண்ணீர்; மரமோ மலையோ கண்ணில் படாது. அதனால் மாலுமிகள் கயிறு கட்டிய கட்டை ஒன்றைக் கடலில் போட்டார்கள். கட்டை போட்ட இடத்திலேயே மிதக்கும், கப்பல் அதை விட்டு விலகும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கயிறு ஓடுகிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் போர்ன் 1574-லேயே இந்த முறையை எழுதி வைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் கட்டை, கால்வட்ட வடிவப் பலகையானது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் பலகை தண்ணீரில் செங்குத்தாக நிற்கும். கயிறு இழுத்தாலும் சுலபத்தில் நகராது. ஒருவர் கயிற்று உருளையைத் தூக்கிப் பிடிப்பார், ஒருவர் பலகையை எறிவார், இன்னொருவர் கையில் மணற்கடிகாரம். கப்பல் கிளப்பும் சுழலைப் பலகை தாண்டும்வரை கயிற்றைச் சும்மா ஓட விடுவார்கள். கயிற்றில் அந்த அளவில் கட்டியிருக்கும் துணி கையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். அங்கிருந்து 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 நொடியில் மணல் தீரும். உடனே கயிற்றை இறுக்கிப் பிடித்து, எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள். அப்புறம் வெடுக்கென்று ஓர் இழுப்பு. கயிற்றைப் பலகையோடு பிணைத்திருக்கும் முளை கழன்று பலகை படுத்துவிடும், சுருட்டி எடுப்பது எளிது.

அதென்ன 47 அடி 3 அங்குலம்? ஒரு கடல் மைல் 1852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போகும் கப்பல், 28 நொடியில் சுமார் 14.4 மீட்டர் நகரும். அதை அடியில் சொன்னால் இந்த 47 அடி 3 அங்குலம்தான். ஆகவே ஐந்து முடிச்சு ஓடினால் மணிக்கு ஐந்து கடல் மைல். மாலுமி பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். கணக்கு முழுவதையும் கயிற்றிலேயே போட்டுவிட்டார்கள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆங்கிலத்தில் முடிச்சுக்கு நாட் என்று பெயர். இன்றும் கப்பலுக்கும் விமானத்துக்கும் வேகம் நாட் கணக்கில்தான். ‘மணிக்கு 20 நாட்’ என்று எழுதுவது தவறு, நாட் என்பதற்குள்ளேயே மணி அடங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. கயிறு நனைந்தால் நீளம் மாறும், ஈரத்தில் மணல் மெதுவாக விழும். அதைவிடப் பெரிய குறை, இது தண்ணீரைப் பொறுத்த வேகம் மட்டுமே. கடல் நீரோட்டம் கப்பலையும் கட்டையையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போனால் முடிச்சுகளில் அது தெரியாது.

கிடைத்த வேகத்தையும் திசையையும் காற்றையும் ஒரு பலகையில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு, பிறகு புத்தகத்தில் படியெடுத்தார்கள். கட்டை காட்டும் அளவை எழுதும் புத்தகம் லாக் புக் ஆயிற்று; நாளடைவில் லாக் என்றாலே பதிவு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ மோரி இப்படிப்பட்ட பழைய புத்தகங்களைத் திரட்டித்தான் 1847-இல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடத்தை வெளியிட்டார்.

கணக்கில் வரும் லாக் வேறு குடும்பம். அது லாகரிதம் என்பதன் சுருக்கம், வேர் கிரேக்கம்.

கணினிக்கு வந்தது கப்பலின் லாக்தான். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட 1960-களில், உள்ளே வருவதற்கான கட்டளைக்கு லாகின் என்ற பெயர் வந்தது. 1997-இல் வெப்லாக் பிறந்தது. 1999-இல் அதை உடைத்து பிளாக் ஆக்கினார்கள்.

தமிழில் அதை வலைப்பதிவு என்கிறோம், லாக் அதில் பத்திரமாக இருக்கிறது. லாக் இன்னுக்கு ‘உள்நுழை’ பரவலாகிவிட்டது. சரி, புரிகிறது, ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் ‘புகுபதிகை’தான் எனக்குப் பிடிக்கும். புகுவதோடு பதிவதும் அதற்குள் இருக்கிறது.